கரும்புக் கொல்லையில் இயந்திரம்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையின் அருகே அமைந்துள்ள கச்சிராயபாளையம் கரும்பு விளையும் ஊர். கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்குதான் உள்ளது. இத்தகைய ஊர்களில் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் உழவர் இல்லந்தோறும் எழும் கவலை ஒன்றே: வெட்டு உத்தரவு வந்துவிட்டது, வெட்டுவதற்கு ஆள் எங்கே?

நெல்லுக்கு இக்கவலை பெரும்பாலும் தீர்ந்தது. ஈர வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி என அறுவடை இயந்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அவற்றிற்காக நடவு முறையை எவரும் பெரிதாக மாற்றவில்லை. கரும்போ அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை.

கரும்பு வெட்டும் இயந்திரம் நுனித் தோகையைக் கொய்து, தண்டை மண்மட்டத்தில் அறுத்து, சாண் அளவுத் துண்டுகளாக்கி, சோகையை விசிறியால் ஊதித் தள்ளிவிட்டு, உடன் ஓடும் டிரெய்லரில் கொட்டுகின்றது. காண்பதற்கு வியப்பே! ஆனால் நம்மவர் வழக்கமாக விடும் மூன்றடிப் பாரில் அது புகுந்தால், பக்கத்துப் பாரின் கட்டைகள் சக்கரத்தில் நசுங்கும். கட்டை நசுங்கினால் மறுதாம்பு கெடும். புது விதைக்கரணைச் செலவின்றி வரவேண்டிய அடுத்த ஆண்டின் விளைச்சலும் குறையும். ஆகவே ஐந்தடி இடைவெளி வேண்டும். வண்டி திரும்ப வயலோரத்தில் இடமும் வேண்டும். அறுவடையை எவ்வாறு செய்வது என்பதை நடவு நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

மற்றொன்றும் உண்டு. வெட்டிய கரும்பில் சர்க்கரைச் சத்து மணிக்கு மணி குறையும். முழுக் கரும்பைவிடத் துண்டுக் கரும்பு விரைந்து கெடும். வெட்டுவாய் மிகுதியாதலால் நுண்ணுயிர்கள் எளிதில் நுழைகின்றன. ஆலை வாயிலில் வண்டிகள் வரிசையில் காத்து நின்றால், இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் அங்கேயே வீணாகும்.

ஆஸ்திரேலியாவில் 1970-களின் இறுதிக்குள் கரும்பு அறுவடை முழுவதும் இயந்திரத்தின் கைக்குச் சென்றுவிட்டது. அங்கே நிலம் பரந்தது. இங்கே ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்போர் பலர். வரப்பை ஒட்டிய நால்வர் ஒன்றுகூடி ஒரே இரகத்தை, ஒரே திசையில், ஒரே வாரத்தில் நட்டாலன்றி இயந்திரத்திற்கு அங்கு வேலையில்லை. அண்ணன் தம்பியருக்குள்ளேயே வரப்புத் தகராறு இருக்கும் இடத்தில் இது எளிதன்று!

வெட்டுக் கூலியை நம்பியிருப்போரின் நிலை வேறு. முன்பணம் பெற்று, மேஸ்திரியுடன் அயலூர் சென்று கொட்டகையில் தங்கி, கணவன் வெட்ட மனைவி சோகை கழித்துக் கட்டுக் கட்டும் குடும்பங்கள் தமிழகத்தில் பல. பிள்ளைகளின் படிப்பும் அதனால் பாதியில் நிற்கின்றது. சோகை கீறிய கைகளோடு செய்யும் இவ்வேலையைத் தம் மக்களும் செய்யவேண்டுமென அவர்களில் எவர் விரும்புவார்? எனினும் அடுத்த பருவத்தில் மேஸ்திரி வந்து அழைக்காவிடில், பழைய முன்பணக் கடன் மட்டும் அப்படியே நிற்கும். இயந்திரத்தின் வாடகையைக் கணக்கிடுவோர் இந்தக் கடனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காற்றில் சாய்ந்து பின்னிக் கிடக்கும் கரும்பையும், வண்டிப் பாதையில்லாத துண்டு நிலத்தையும் இன்றும் அவர்களின் கத்தியே வெட்டிக் கொடுக்கின்றது.