7 ரூபாய்க் கணக்கு

ஊரில் நிலம், வெளியூரில் வேலை என்று இருக்கும் நண்பர்கள் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கன்றும் சும்மா தருகிறார்களாம், மேலே காசும் தருகிறார்களாம். இரண்டு ஏக்கரில் தேக்கு வைத்துவிட்டால் என்ன?" வைக்கலாம், தாராளமாக வைக்கலாம். ஆனால் அந்த உதவி எதற்கு வருகிறது, எந்தக் கட்டத்தில் வருகிறது, எந்தக் கட்டத்தில் வராது என்று தெரிந்துகொண்டு வைக்க வேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

2021-22இல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வந்ததில்லையா, அப்போது தொடங்கியதுதான் 'நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம்'. வனத்துறை நாற்றங்காலில் கன்றை வளர்த்துக் கொடுக்கும். வேளாண்மைத் துறை விவசாயியிடம் சேர்க்கும். வரப்போரம் நடுவதென்றால் ஏக்கருக்கு 60 கன்று, நிலம் முழுக்க நடுவதென்றால் 160 கன்று. கன்றுக்குக் கன்று 5 மீட்டர் விட்டால் ஏறக்குறைய அந்த 160 வரும். தேக்கு, செம்மரம், சந்தனம், வேங்கை, மகோகனி, மலைவேம்பு, நாவல் என்று மண்ணுக்கு ஏற்றதைக் கேட்டு வாங்கலாம். உழவன் செயலியில் பதியலாம், இல்லையென்றால் உங்கள் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகலாம். பட்டா, சிட்டா, அடங்கல் கையில் இருக்கட்டும்.

காசு வருவது கன்று நட்ட அன்று இல்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கி நான்காம் ஆண்டு வரை, உயிரோடு நிற்கும் கன்று ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 7 ரூபாய், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 21 ரூபாய் என்றுதான் அந்த இயக்கத்தில் வகுத்தார்கள். ஏக்கருக்கு 160 கன்றும் பிழைத்தாலும் ஆண்டுக்கு 1,120 ரூபாய்தான். களை எடுக்க இரண்டு மூன்று ஆள் கூலிக்கு அது சரியாகப் போய்விடும். தொகை போதாது, உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் அது கொடுக்கப்படும் விதம் மிகச் சரியானது என்று நினைக்கிறேன். நட்ட எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போவது எளிது. மறு ஆண்டு அதே வயலுக்கு வந்து, எத்தனை கன்று துளிர்த்து நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் கடினம். பிழைத்ததற்கு மட்டும்தான் காசு என்றால் அந்த எண்ணும் வேலையை யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

ஏனென்றால் நம் ஊரில் கன்று சாவது நட்ட மாதத்தில் இல்லை. ஐப்பசி மழையில் நட்டால் எதுவும் தழைக்கும். தை வரைக்கும் பச்சை. மாசியில் தரை இறுக ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரையில்தான் பரீட்சை. வேர் இன்னும் ஆழம் போயிருக்காது, மேல் மண் ஒரு சாண் ஆழத்துக்குக் காய்ந்திருக்கும். அந்த இரண்டு மாதமும் கன்றுக்கு ஒரு குடமாவது தண்ணீர் போக வேண்டும், அடியில் காய்ந்த சருகோ வைக்கோலோ மூடியிருக்க வேண்டும். அறுப்பு முடிந்த வெற்று நிலத்தில் ஊர் ஆடுகள் இறங்கும், அதற்கும் காவல் வேண்டும். முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் மரம் பெரும்பாலும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். செலவு அதிகமாகும் காலமும் இதுதான், வெளியூர்க்காரர் கோட்டைவிடும் காலமும் இதுதான். முதல் கோடைக்கே ஒரு தொகை கொடுத்தால் இந்தத் திட்டத்தின் பலன் இன்னும் கூடும்.

மரத்துக்குத் தேவையான உதவியில் பணம் பாதிதான், பக்குவம் மீதிப் பாதி. சந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தனியாக வளராத மரம். பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பற்றவைத்து, நீரையும் சத்தையும் கொஞ்சம் அங்கிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கன்றோடு சேர்த்துக் குழியோரம் துவரை விதைப்பார்கள். துவரையின் ஆயுள் முடிவதற்குள் அகத்தி, சவுக்கு, மலைவேம்பு மாதிரி நீடித்து நிற்கும் துணை மரம் ஒன்றும் அருகில் வந்திருக்க வேண்டும். இது தெரியாமல் வரிசையாகச் சந்தனம் மட்டும் நட்டவர்கள், கன்று வெளுத்துக் குன்றி நிற்பதைப் பார்த்து நாற்றங்காலைக் குறை சொல்கிறார்கள்.

மலைவேம்புக்கு வேறு பக்குவம். அதை வாங்குவது பெரும்பாலும் பிளைவுட் ஆலை. அடிமரத்தைச் சுழலவிட்டு மெல்லிய ஏடாகச் சீவுவார்கள். கணு இருக்கும் இடத்தில் ஏடு ஓட்டையாகும், விலை குறையும். ஆகவே பக்கக்கிளை விரல் தடிமனாக இருக்கும்போதே தண்டை ஒட்டி, பட்டை கிழியாமல் அறுத்து எடுக்க வேண்டும். கை தடிமன் ஆனபிறகு வெட்டினால் அந்தக் காயம் மரத்துக்குள்ளேயே கணுவாக உட்கார்ந்துவிடும். கன்றைக் கொடுக்கும் துறை, இரண்டாம் ஆண்டு இந்தக் கவாத்தைச் சொல்லித்தரவும் ஒருவரை வயலுக்கு அனுப்ப வேண்டும். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் இதற்கான அறிவு நிறையவே இருக்கிறது. ஆலையையும் விவசாயியையும் ஒப்பந்தத்தில் இணைக்கும் முறையை வளர்த்ததில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒருமுறை போய்விட்டு வந்து குழி எடுத்தால் நல்லது.

ஒப்பந்தம் என்றதும் சவுக்கு ஞாபகம் வருகிறது. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு வைப்பவர்களுக்கு மானியத்தை விடக் காகித ஆலைதான் பெரிய ஆதரவு. நான்கைந்து ஆண்டில் வெட்டு, வாங்க ஆள் தயார். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையை நம்பித் தொடங்கியது. பிற்பாடு மரக்கூழுக்காக அதுவே விவசாயிகளிடம் தோப்பு வளர்க்கச் சொல்லி ஒப்பந்தம் போட்டது. விற்பனை உறுதியானால் மரம் வளர்க்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சவுக்கு குறுகிய காலப் பயிர், அதைக் காட்டுக்கு ஈடாகக் கணக்கு வைக்கக் கூடாது. தேக்கோ வேங்கையோ வைப்பவர் இருபது, முப்பது ஆண்டு காத்திருக்கிறார். நடுவில் 2018 நவம்பரில் வந்த கஜா புயல் மாதிரி ஒரே இரவில் எல்லாம் சாய்ந்துவிடலாம். நெல் போனால் அடுத்த போகம் உண்டு. டெல்டாவில் அன்று விழுந்த தென்னைக்கு ஈடாக நட்டது காய்ப்புக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்று அங்குள்ளவர்களிடம் கேட்டால் தெரியும்.

இனி, ஏற்கெனவே மரம் வைத்திருப்பவர் கதை. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் பசுமைப் பரப்பைச் சுமார் 24 சதவீதத்திலிருந்து 33 சதவீதத்துக்கு உயர்த்துவது. கோடிக்கணக்கில் கன்று போட்டால்தான் அது நடக்கும் என்பது சரி. ஆனால் தாத்தா காலத்து இலுப்பையை, வரப்புப் பனையை, நாலு புளியை வெட்டாமல் வைத்திருக்கும் விவசாயிக்கு ஆண்டுக்கு 7 ரூபாய்கூட இல்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் கொண்டுவந்தது நல்ல முடிவுதான். தடை இருக்கிறது, நிற்க வைத்ததற்கு ஒரு கூலி மட்டும் இல்லை.

கோஸ்டா ரிகா இதை வேறு மாதிரி யோசித்தது. மேய்ச்சல் நிலத்துக்காகக் காட்டை அழித்து, 1980களில் நாட்டின் கால் பங்கு அளவுக்குக் காடு சுருங்கிப் போன தேசம் அது. 1996இல் ஒரு வனச் சட்டம் போட்டார்கள். காட்டை வேறு நிலமாக மாற்றக் கூடாது என்று தடுத்தார்கள். அதே சட்டத்தில், தன் நிலத்துக் காட்டைக் காப்பவருக்கு ஆண்டுதோறும் பணம் என்றும் எழுதினார்கள். நீரைக் காப்பது, கரியமில வாயுவைப் பிடித்து வைப்பது, உயிரினங்களுக்கு இடம் தருவது, கண்ணுக்கு அழகாக இருப்பது ஆகிய நான்கும் காட்டின் உழைப்பு, அதற்கான விலை இது என்று கணக்கு. பணத்துக்கு வழி? பெட்ரோல், டீசல் வரியில் ஒரு பங்கை நேரே அந்த நிதிக்குத் திருப்பினார்கள். இன்று அங்கே பாதிக்கு மேல் காடு. மாட்டிறைச்சி விலை விழுந்ததும், சுற்றுலா வளர்ந்ததும் இதற்குக் காரணம்தான், எல்லாப் புகழும் அந்தப் பணத்துக்கே என்று சொல்ல முடியாது. ஆனாலும் தடையையும் கூலியையும் ஒரே சட்டத்தில் சேர்த்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பனைக்கு அப்படி ஒன்று வரவேண்டும்.

கடைசியாக, வெட்டும் உரிமை. மரம் வைக்கத் தயங்கும் விவசாயியிடம் காரணம் கேட்டால், தண்ணீருக்கு அடுத்தபடி அவர் சொல்வது இதைத்தான். "வளர்த்தது நான், வெட்ட இன்னொருவரைக் கேட்க வேண்டும்." சந்தனம் நெடுங்காலம் அரசின் சொத்தாக இருந்ததால் உண்டான பயம் அது. பட்டா நிலத்துச் சந்தனம் இப்போது நில உரிமையாளருடையதுதான், வெட்டுவதும் விற்பதும் மட்டும் வனத்துறை வழியாக நடக்க வேண்டும். சவுக்கு, தைலம், மலைவேம்புக்கு இந்தத் தொல்லை குறைவு. 2014இலேயே தேசிய வேளாண் காடுகள் கொள்கை, வெட்டுவதையும் ஏற்றிச் செல்வதையும் எளிதாக்கச் சொன்னது. விவசாய நில மரங்களை முன்கூட்டியே பதிந்துவைத்து வெட்டும்போது அனுமதி பெற வகை செய்யும் மாதிரி விதிகளை ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது 2025இல்தான்.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை. கன்று வேரூன்றியதும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, எந்தச் சர்வே எண்ணில், என்ன மரம், எத்தனை, எந்த ஆண்டு நட்டது என்பதை அடங்கலில் ஏற்றிவிடுங்கள். சந்தனம், செம்மரம், தேக்கு என்றால் கட்டாயம் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதன் நகலை வாங்கி, பட்டாவோடு சேர்த்து வையுங்கள். இருபது ஆண்டு கழித்து மரத்தை வெட்டப்போவது உங்கள் மகளாகவும் இருக்கலாம், அனுமதி கேட்கும்போது அவள் கையில் அந்தக் காகிதம் இருக்க வேண்டும்.