மேடைக்குப் பின்னே இருவர்

திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் பின்னலாடைத் தொழில் வாழ்விக்கிறது. அங்கே பின்னப்பெறும் பனியன்கள் கடல் கடந்து செல்கின்றன. அவற்றை வாங்கும் அயல்நாட்டு வணிகர் ஒவ்வொரு தொழிற்சாலையாகத் தேடி அலைவதில்லை. இரு திறத்தாரையும் இணைத்து, விலையும் நாளும் பேசி முடித்துத் தரகு பெறும் முகவர் பலர் அங்கு உளர். இத்தகையோர் இசையுலகிலும் உண்டு என்பதைக் கச்சேரி கேட்போர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவிநாசியில் சித்திரைத் தேர்த்திருவிழா நடைபெறுகிறது என்று கொள்வோம். இரவில் ஓர் இசைக் கச்சேரி வேண்டுமென ஊரார் விரும்புகின்றனர். அன்று எந்தக் குழுவினர் ஓய்வாக உள்ளனர், எவ்வளவு தொகை கேட்பர், எத்தனை பேர் வருவர் என்பவற்றை அவர்கள் அறியார். அறிந்தவர் நிகழ்ச்சி முகவர். அவர் நாளை உறுதி செய்கிறார். முன்பணம் வாங்கித் தருகிறார். பயணம், தங்குமிடம், ஒலிபெருக்கி ஆகிய செலவுகள் யாரைச் சார்ந்தவை என்பதையும் பேசி முடிக்கிறார். மழையால் கச்சேரி நின்றால் முன்பணம் யாருக்கு உரியது என்பதை முன்னரே எழுதி வாங்குபவரே தேர்ந்த முகவர். கச்சேரிதோறும் அவருக்கு ஊதியம் கிடைத்தலின், பாடகர் மாதம் முப்பது நாளும் பாடினாலும் அவருக்கு மகிழ்ச்சியே. குரல் கம்மினால் இழப்புப் பாடகருக்குத்தான்.

ஆகவே, "இது வேண்டா" என்று மறுத்துரைக்கவும் ஒருவர் தேவைப்படுகிறார். அவரே மேலாளர். வருவாயை மட்டுமன்றி, கலைஞரின் வருங்காலத்தையும் அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எம். எஸ். சுப்புலட்சுமியின் வாழ்வில் இப்பணியை ஆற்றியவர் அவருடைய கணவர் சதாசிவம். இவர்கள் திருமணம் 1940ஆம் ஆண்டு நடைபெற்றது. எங்கே பாடுவது, எப்பாடலை எப்பாடலுக்குப்பின் பாடுவது என்பவற்றைச் சதாசிவமே வகுத்தார். கச்சேரியின்போது முன்வரிசையில் அமர்ந்து அவையின் போக்கையும் கவனிப்பார். 'மீரா' திரைப்படம் 1945இல் தமிழிலும், 1947இல் இந்தியிலும் வெளிவந்து சுப்புலட்சுமிக்கு நாடெங்கும் புகழ் தந்தது. வேறொருவராயின் அடுத்த படத்திற்கு உடனே ஒப்பந்தம் தேடியிருப்பார். சுப்புலட்சுமியோ அதன்பின் எப்படத்திலும் நடிக்கவில்லை. கச்சேரி மேடையே அவருக்குப் போதுமானதாயிற்று. 1963இல் எடின்பரோ விழாவிலும், 1966இல் ஐக்கிய நாடுகள் அவையிலும் அவர் பாடினார்.

எனினும், இத்துறையில் கடினமான வினா ஒன்று உண்டு. கலைஞரின் உழைப்பும் பொருளும் மேலாளர் கையில் இருக்கின்றன. 1941இல் வெளிவந்த 'சாவித்திரி' படத்தில் சுப்புலட்சுமி நாரதர் வேடம் ஏற்றார். அதற்குக் கிடைத்த பணம், சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் தொடங்கிய 'கல்கி' இதழுக்கு முதலாயிற்று. பிற்காலத்தில் கச்சேரிகளாலும் இசைத்தட்டுகளாலும் வந்த பெரும்பொருள் அறப்பணிகளுக்குச் சென்றது. 1970களில் அவர்கள் தம் பெருமனையாகிய கல்கி தோட்டத்தையே விட்டு நீங்க நேர்ந்தது. இதனைத் தன்னலமின்மை என்று போற்றுவோர் பலர். பாடியவரின் விருப்பம் தனியே கேட்கப்பட்டதா என வினவுவோரும் உளர், அவ்வினாவைத் தள்ளிவிடுவதற்கில்லை. மேலாளரின் பங்கு எவ்வளவு, பொறுப்பு எத்தனை ஆண்டு, கணக்கைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பவற்றை எழுத்தில் கொள்ளுமாறு இளங்கலைஞருக்கு அறிந்தோர் கூறுவது இதுபற்றியே.

இவ்விருவரிடையே அத்தகைய கணக்கு முதன்மை பெறவில்லை. சதாசிவம் 1997ஆம் ஆண்டு மறைந்தார். அதன்பின் ஏழாண்டுகள் வாழ்ந்திருந்த சுப்புலட்சுமி பொதுமேடை ஏறிப் பாடவேயில்லை.