புரோகிராமை அனுப்ப வேர்ட் பைல் வேண்டாமே!

புரோகிராம் எழுதக் கற்றுக் கொள்பவர்கள், எழுதியதை நண்பர்களுக்கு அனுப்பி, "எங்கே தவறு?" என்று கேட்பது வழக்கம். எனக்கும் அப்படி ஒரு சி புரோகிராம் வந்தது, வேர்ட் டாகுமெண்ட்டாக! பத்தே வரிகள்தான். காப்பி செய்து கம்பைலரில் போட்டால் பிழைச் செய்திகள் வரிசையாக வந்தன. அனுப்பியவரோ, "என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே" என்றார். அதுவும் உண்மைதான். ஓடிய புரோகிராமை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வேர்டில் மீண்டும் டைப் செய்து அனுப்பியிருக்கிறார்.

வேர்ட், கடிதம் எழுதுவதற்கான தொகுப்பு. நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக அதுவே மாற்றிவிடும். கம்பைலருக்கு அவை வேறு எழுத்துகள். வரியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். சி மொழியில் பெரிய 'பி' போட்ட பிரிண்ட்எப் என்று ஒரு பங்ஷனே கிடையாது! பிடிஎப் பைலும் படிக்கத்தான் ஏற்றது. அதிலிருந்து காப்பி செய்கையில் வரிகளின் முன்னே உள்ள இடைவெளிகள் பல நேரங்களில் காணாமல் போகும். பைத்தான் மொழியில் இடைவெளி மாறினால் புரோகிராமே கெட்டுவிடும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், பெறுபவர் முழுவதையும் டைப் செய்ய வேண்டும். பாவம் அவர்!

புரோகிராம் என்பது அடிப்படையில் வெறும் டெக்ஸ்ட் பைல்தான். விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் திறக்கும். நோட்பேடில் சேவ் அஸ் கொடுத்து, சேவ் அஸ் டைப் கட்டத்தில் ஆல் பைல்ஸ் என்பதையும், என்கோடிங் கட்டத்தில் யுடிஎப்-8 என்பதையும் தேர்ந்தெடுங்கள். பெயருடன் எக்ஸ்டென்ஷனையும் (.சி, .பிஒய் போன்றவை) சேர்த்து டைப் செய்திடுங்கள். ஆல் பைல்ஸ் தேர்ந்தெடுக்காவிட்டால், பெயரின் பின்னால் .டிஎக்ஸ்டி என்பதும் ஒட்டிக் கொள்ளும். விண்டோஸ் அதை மறைத்து வைப்பதால் உங்கள் கண்ணில் படாது. விண்டோஸ் 11ல், பைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ எனச் சென்று பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் டிக் அடித்தால் குட்டு வெளிப்படும்.

யுடிஎப்-8 எதற்கு? புரோகிராமில் தமிழ் எழுத்துகள் இருந்தால், பழைய ஏஎன்எஸ்ஐ முறையில் அவை கேள்விக்குறிகளாகிவிடும். 2019ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, நோட்பேட் புதிய பைல்களுக்கு யுடிஎப்-8 முறையைத் தானே எடுத்துக் கொள்கிறது. பழைய கம்ப்யூட்டர் என்றால் நீங்கள்தான் பார்த்து மாற்ற வேண்டும்.

பைல்கள் பல இருந்தால் ஒரே போல்டரில் போட்டு சிப் செய்திடுங்கள். 2001ல் வந்த எக்ஸ்பி முதல், சிப் பைலைத் திறக்க விண்டோஸுக்கு வேறு புரோகிராம் தேவையில்லை. ஆர்ஏஆர் பைலைத் தானாகத் திறக்கும் வசதி 2023ல்தான், அதுவும் விண்டோஸ் 11க்கு மட்டும், கிடைத்தது. எனவே அதைத் தவிர்க்கலாம்.

ஜிமெயில் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தகவல். .இஎக்ஸ்இ, .பேட், .ஜேஎஸ் பைல்களை அது ஏற்காது. சிப் பைலுக்குள் வைத்தாலும் கண்டுபிடித்துவிடும். ஜாவா ஸ்கிரிப்ட் புரோகிராம் என்றால், கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க்கை மட்டும் அனுப்புங்கள்.