கோபுரம் கட்டுமுன் கணக்குப் பார்ப்போம்



பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்துவிட்டால் கீழ்பென்னாத்தூர் பகுதி வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? நெல்லும் மணிலாவும் விற்ற பணம் போதாமல் நகையும் அடகுக்குப் போகிறது. 'எல்லாவற்றையும் இனி கணினியே செய்யுமாமே, படிப்பு எதற்கு?' என்ற கேள்வியும் இப்போது சேர்ந்துகொண்டது.

இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. சிறு நிரல்கள் எழுதுவது, அவற்றைச் சோதிப்பது, வாடிக்கையாளருக்குப் பதில் தருவது போன்றவை புதிய பட்டதாரிகளுக்கு முதலில் தரப்பட்டுவந்த வேலைகள். செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைப்பதும் அவற்றில்தான். மேலும், 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்திய அளவில் 28 விழுக்காடுதான். பலரிடமும் இருக்கும் பட்டத்திற்குத் தனி மதிப்பு குறைவது இயல்பே.

அப்படியானால் படிப்பு வீணா? இல்லை. இயந்திரம் தரும் பதில் சரியா, தவறா என்று கண்டறிய அத்துறையை ஆழமாகக் கற்ற ஒருவர் வேண்டும். சான்றிதழின் விலை குறையலாம். கற்ற அறிவின் விலை குறையாது.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார் (லூக் 14:28). நாமும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். நான்கு ஆண்டுச் செலவு எவ்வளவு? அக்கல்லூரியில் சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் இன்று எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? அரசுக் கல்லூரியோ, செவிலியர் படிப்போ, ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சியோ பிள்ளைக்குப் பொருந்துமா? கடன் தேவையெனில் வட்டிக்காரரிடம் போகுமுன் வங்கியைக் கேட்போம். 2015-இல் வந்த கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையம் தேவையில்லை. ஆனாலும் அது வட்டியோடு திருப்பித் தரவேண்டிய கடனே.

செலவைக் குறைக்க மகளின் படிப்பை நிறுத்துவது மட்டும் கணக்கு ஆகாது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது இந்த இழப்பைத் தடுக்கவே.

தொழிற்புரட்சிக் காலத்தில், 1891-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளரின் மாண்புக்காகச் சுற்றுமடல் எழுதினார். 2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, அப்பெயரைத் தாம் தேர்ந்ததற்குச் செயற்கை நுண்ணறிவு எழுப்பும் சவாலையும் ஒரு காரணமாகக் கூறினார். சம்பளத்தை வைத்து மட்டும் நம் பிள்ளைகளின் மதிப்பை அளக்க வேண்டாம். அவர்கள் இறைவனின் சாயல். சரியான பாதையைத் தேர்ந்திட, தூய ஆவியாரின் ஒளி வேண்டி இவ்வாரம் குடும்பமாகச் செபிப்போம்.