முதுமையின் அசதியும் தைராய்டுச் சுரப்பியும்

வீட்டில் மூத்தவர் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, எதிலும் நாட்டமின்றிப் பகலெல்லாம் படுத்தே கிடந்தால், “வயதாகிவிட்டது, வேறென்ன?” என்று கூறி நாம் அமைதியடைந்து விடுகிறோம். அந்த அசதிக்கு மனச்சோர்வு காரணமாகலாம். கழுத்தின் முன்புறம் அமைந்துள்ள தைராய்டுச் சுரப்பியின் குறைபாடும் காரணமாகலாம். சில வேளைகளில் இரண்டும் ஒருங்கே அமைவதுண்டு.

இச்சுரப்பி அயோடினைக் கொண்டு தைராக்சின் என்னும் ஹார்மோனை உண்டாக்குகிறது. உடலின் உயிரணுக்கள் எவ்வளவு விரைவாகத் தொழிற்பட வேண்டும் என்பதை வரையறுப்பது அதுவே. அது குறைந்தால் நாடி தளர்கிறது, குளிர் தாங்குவதில்லை, தோல் வறள்கிறது, மலச்சிக்கல் உண்டாகிறது, சிந்தனையும் மந்தமாகிறது. தைராக்சின் குறைவதை உணரும் பிட்யூட்டரிச் சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் தூண்டுநீரை மிகுதியாகச் சுரக்கிறது. இரத்தத்தில் இவ்விரண்டையும் அளந்தே மருத்துவர் குறைபாட்டை அறிகிறார்.

இக்குறைபாடு மனத்தையும் தாக்கும் என்பது புதிய செய்தியன்று. லண்டன் மருத்துவச் சங்கமொன்று 1888-இல் வெளியிட்ட அறிக்கை, இந்நோயாளர் பலரிடம் மனக்கோளாறுகள் காணப்பட்டதைக் குறித்தது. 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்னும் ஆங்கில மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். அவர் நலம்பெற்று, அதன்பின் 28 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார்.

அப்படியாயின், அசதியுற்ற முதியவர் அனைவருக்கும் தைராக்சின் மாத்திரை கொடுத்துவிடலாமா? கூடாது. வயது ஏற ஏற டி.எஸ்.எச். அளவு இயல்பாகவே சற்று உயர்வதுண்டு. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரிடம் நடத்தப்பெற்று, 2017-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. அவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் சிறிது உயர்ந்திருந்தது, தைராக்சின் குறையவில்லை. மாத்திரை உண்டோரின் களைப்பும், வெற்று மாத்திரை உண்டோரின் களைப்பும் வேறுபடவில்லை. அளவு மிஞ்சிய தைராக்சினோ இதயத் துடிப்பை ஒழுங்கற்றதாக்கும், எலும்பையும் நலிவிக்கும்.

ஆகவே, தைராக்சின் உண்மையிலேயே குறைந்துள்ளவருக்கு மாத்திரை இன்றியமையாதது. முதியவருக்கு, குறிப்பாக இதயநோய் உள்ளவருக்கு, அதனைச் சிறிய அளவில் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப்பின் இரத்தத்தை மீண்டும் சோதிப்பது முறை. வெறும் வயிற்றில் உண்பது நன்று. சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளியே உட்கொள்ள வேண்டும்.

சுரப்பி செவ்வனே இயங்குமாயின், இரத்தச்சோகை, உறக்கக்குறை, உண்ணும் பிற மருந்துகள் ஆகியவற்றையும் ஆராய வேண்டும். மனச்சோர்வு கண்டறியப்பட்டால், அதற்குரிய சிகிச்சையைத் தயக்கமின்றி அளிக்க வேண்டும்; அதுவும் தீர்க்கத்தக்க நோயே. முதுமையை நம்மால் தடுத்து நிறுத்த இயலாது. ஆனால் நோயை முதுமையென்று எண்ணிக் கைவிடாதிருக்க இயலும்.