பாறை நிலமும் ஏரி நீரும்

மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில்தான் உள்ளது. 1934ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்த அவ்வணையின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிக்கின்றன. எஞ்சிய நீரில் பெரும்பகுதி காவிரிப் படுகை மாவட்டங்களுக்குச் சென்றுவிடுகிறது. கால்வாய் எட்டாத மேட்டுநிலங்கள் மழையையும் ஏரியையும் கிணற்றையுமே நம்பியுள்ளன.

இச்சமவெளியின் அடியில் இருப்பது கடினப்பாறை. ஆற்றுமணல் படிந்த நிலத்தைப்போல அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை. மேற்பரப்பை ஒட்டிச் சிதைந்த பாறை அடுக்கிலும் அதன்கீழ் உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஒரு தோட்டத்தில் நீர் பீறிட, அடுத்த தோட்டத்தில் ஆயிரம் அடி துளைத்தும் வெறும் புழுதி பறப்பது இதனால்தான். நீர் கிடைக்காத ஆழ்துளைக் கிணற்றுக்காக வாங்கிய கடனுக்கும் உழவர் வட்டி கட்டியாக வேண்டும்.

ஏரி என்பது மதகு வழியாக வயலுக்கு நீர் விடும் தேக்கம் என்றே பலரும் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. மதகைத் திறக்காதபோதும் ஏரிநீர் மெல்ல நிலத்தினுள் இறங்கி, கரைக்குக் கீழ்ப்புறமுள்ள கிணறுகளை ஊறச் செய்கிறது. வண்டல் படியும்போது ஏரியின் கொள்ளளவு சுருங்குகிறது. நுண்ணிய களிமண் அடைத்துக்கொள்வதால் ஊறலும் குன்றுகிறது.

சேர்வராயன் மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரி இவ்வாறு சீர்கெட்டிருந்தது. 2010ஆம் ஆண்டில் சேலம் மக்கள் குழுவினர் அதனைச் சீரமைக்க முன்வந்தனர். அள்ளிய வண்டலை ஏரிக்குள்ளேயே சிறு திட்டுகளாகக் குவித்து மரக்கன்றுகளை நட்டனர். மண்ணை வெளியேற்றும் செலவு மிஞ்சியது. திட்டுகளில் பறவைகளும் வந்து தங்கின. எளிய வழிதான், எனினும் எல்லா ஏரிக்கும் பொருந்துவதன்று. சிற்றேரியில் திட்டு அமைத்தால் நீருக்கே இடமிராது.

இராசத்தானின் வறண்ட ஆல்வார் மாவட்டத்திலும் 1985 முதல் ஊர் மக்கள் ‘ஜோகட்’ எனப்படும் பழைய மண்கரைக் குட்டைகளைப் புதுப்பித்தனர். குட்டைநீர் நிலத்தில் இறங்கியதால் கிணறுகள் ஊறின. வறண்டு கிடந்த அர்வரி ஆறும் மீண்டும் ஓடியது.

சேலம், நாமக்கல் பகுதி ஏரிகளுக்கு மழைநீரைக் கொண்டு சேர்ப்பவை வரத்து வாய்க்கால்கள். அவை வீட்டுமனையாகவோ சாக்கடையாகவோ மாறிவிட்டால், தூர்வாரிய ஏரிக்கும் நல்ல நீர் வந்து சேராது. ஆகவே, ஏரியை அளக்கும்போது கரையோடு நில்லாமல், வாய்க்கால் தொடங்கும் மலைச்சரிவு வரை அளக்க வேண்டியுள்ளது.