சயாம் மீனுக்குக் கச்சிபௌலிக் குளிர்

சென்னை கொளத்தூரில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த 'பைட்டர்' மீன் கார்த்திகை வரை சுறுசுறுப்பாக இருக்கிறது. மார்கழி பிறந்ததும் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் முடங்கிவிடுகிறது, இரையும் எடுப்பதில்லை. நோய் என்றெண்ணி மருந்து ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் அது நோயல்ல, குளிர்தான்.

இது சயாம் நாட்டு வயல் நீரில் வாழும் ஜாதி. தாய்லாந்து அரசு 2019-ல் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது இதைத்தான். 25 முதல் 28 டிகிரி வெப்பம் இதற்கு வேண்டும். சென்னையில் மார்கழி இரவும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஐதராபாத்தோ 500 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டு நிலம். பாறையும் மரமுமான கச்சிபௌலிப் பக்கத்தில் 12 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. அங்கே போதுமாயிருந்த கிண்ணம் இங்கே போதாது. ஒரு லிட்டர் தண்ணீர் விடிவதற்குள் சில்லிட்டுவிடும்.

20 லிட்டர் தொட்டியும், சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் 25 வாட் ஹீட்டரும் இருந்தால் கவலையில்லை. அறை மிகவும் குளிர்ந்தால் 50 வாட் வேண்டியிருக்கும். கிண்ணத்தில் ஹீட்டர் போடலாகாது, மீன் வெந்துவிடும். தொட்டியில் கை விடுமுன் சுவிட்சை அணைப்பது முக்கியம்.

காற்றுத் துளையுள்ள மூடியும் அவசியம். இம்மீன் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அந்தக் காற்று கதகதப்பாக இருக்கவேண்டும். மின்சாரம் நின்றால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தலாம். மீனுக்குக் கம்பளியா என்று சிரிப்பவர்கள், ரஜாய்க்குள் இருந்துகொண்டுதான் சிரிக்கிறார்கள்!

தண்ணீர் மாற்றும் நாளில்தான் பலர் தவறுகிறார்கள். குளோரின் போகட்டுமென்று முதல் நாள் பிடித்து வைத்த குழாய் நீர் காலையில் ஐஸாக இருக்கும். சிறிது வெந்நீர் கலந்து, தொட்டி நீரின் சூட்டுக்கு வந்த பிறகே ஊற்றவேண்டும்.